சங்குக் கயிறு

என் புருஷன் ராயப்பனைப் புதைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆலைச் சங்கை அவர் இழுத்தார். நான் சொல்லவில்லை, ஊரே சொன்னது. கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பக்கத்து வீட்டுப் பூமாலை என் வாசலில் வந்து நின்று, “சவுரி! ஐயோ சவுரி! உன் வூட்டுக்காரரு சங்குடீ!” என்று மாரில் அடித்துக்கொண்டாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? அதற்கு முன்பே நான் எழுந்துபோய் அடுப்பை மூட்டி, அவருடைய தூக்குச்சட்டியில் கேப்பைக் கூழைக் கரைத்து ஊற்றிவிட்டேன். ஊற்றி மூடியபிறகுதான் அவர் செத்துப்போனது ஞாபகம் வந்தது.

சங்கு என்றால் கோயில் சங்கு இல்லை. திண்டிவனத்தில் ரயில் பாதையை ஒட்டித் தாண்டவராயன் முதலாளிக்கு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உடைக்கிற ஆலை இருந்தது. உடைத்த தோலையே எரித்து பாய்லரை ஓட்டுவார்கள். பாய்லர் கொட்டகைக் கூரையில் ஆவிச் சங்கு. கீழே தொங்குகிற கயிற்றை இழுத்தால் ஊர் முழுக்கக் கேட்கும். முதல் சங்குக்கு எழுந்திருக்க வேண்டும், இரண்டாம் சங்குக்கு ஆலை வாசலில் நிற்க வேண்டும், மத்தியானச் சங்குக்குச் சாப்பாடு. கயிற்றை இழுக்கிறவன் கை எப்படியோ சங்கும் அப்படித்தான். இன்றைக்கு இன்னார் இழுத்தார் என்று எங்கள் சேரியில் பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

ராயப்பன் இழுத்தால் நீளமாகக் கிளம்பும். நடுவில் கொஞ்சம் தொய்யும். பிறகு மெல்ல மேலே ஏறி அடங்கும். என்னமோ பாட்டு மாதிரி இழுக்கிறார் என்று ஊரில் மெச்சிக்கொள்வார்கள். பாட்டாவது மண்ணாவது! அவருக்கு இடது கை சுகமில்லை. ஒருமுறை பாய்லர் கதவைத் திறந்தபோது நெருப்பு பாய்ந்து தோள்வரை வெந்துபோயிற்று. புண் ஆறியும் கை ஆறவில்லை. பாதி இழுப்பில் கை சோர்ந்துவிடும், சங்கு தொய்யும், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுப்பார். அவருடைய நோவைத்தான் ஊர் பாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தது.

உலகச் சண்டைக்கு முன்னாலிருந்தே பாய்லருக்கு நெருப்புப் போட்டு வந்த பழைய பயர்மேன் கண் மங்கிப்போய், கடைசி வருஷங்களில் கயிற்றை ராயப்பன் கையில் கொடுத்துவிட்டார். அது லேசான காரியம் இல்லை. பயர்மேனைத் தவிர யாரும் அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது என்பது ஆலைக் கட்டுப்பாடு. கயிற்றைக் கொடுத்தால் வேலையைக் கொடுத்த மாதிரி. அதனால் கிழவர் விலகிக்கொண்டதும் அடுத்த பயர்மேன் ராயப்பன்தான் என்று நாங்கள் எல்லோரும் இருந்தோம். நான் மாதா கோயிலில் மெழுகுவத்தி கூட ஏற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் மேஸ்திரி கோதண்டபாணி ஒரு வாலிபனைக் கூட்டிக்கொண்டு வந்து பாய்லர் முன்னால் நிறுத்தினார். அவருடைய அக்காள் மகன், முத்துசாமி. விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் ஒரு காபி கிளப்பில் டம்ளர் கழுவுகிற வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யாமல் துரத்தப்பட்டு வந்தவன். இவன்தான் பயர்மேன் என்றார். நான் தோல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றேன்.

“மேஸ்திரி ஐயா, இத்தினி வருஷமா நான்தானே பாத்துக்கினு வர்றேன்?” என்றார் ராயப்பன்.

“இல்லன்னு எவன் சொன்னான்? நீ தங்கமான வேலக்காரன்டா. ஆனா இவன் தகப்பன் இல்லாத புள்ள. என் அக்கா புள்ளய நான் பாக்கலன்னா எவன் பாப்பான் சொல்லு? நீ கூடவே இருந்து கத்துக் குடுத்துடு. சம்பளம் உனக்குக் கொறையாது.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கூடையை அந்த ஆள் தலையில் கவிழ்த்திருப்பேன். ராயப்பன் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே, சும்மா இரு சவுரி என்றார். சும்மாதான் இருந்தேன். அந்த ஆள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் இன்னும் எரிந்தது. முத்துசாமிக்குத் தகப்பன் இல்லை, அது வாஸ்தவம். அதற்கு என் புருஷன் என்ன செய்வார்?

முத்துசாமிக்கு பாய்லரைக் கண்டால் பயம். கதவுக்கு எட்ட நிற்பான், பீடி குடிப்பான், சங்கு நேரம் வந்தால் மட்டும் ஓடிவந்து கயிற்றைப் பிடிப்பான், அது பயர்மேனுக்கு மரியாதை இல்லையா! அவன் இழுத்தால் ஆட்டுக்கு இருமல் வந்த மாதிரி வெட்டி வெட்டிக் கத்தும். தெருவே சிரிக்கும். நெருப்பு போடுவது, தண்ணீர் மட்டம் பார்ப்பது, ஆவி ஏறுகிறதா இறங்குகிறதா என்று முள்ளைப் பார்ப்பது எல்லாம் ராயப்பன். கூட இருந்து சாம்பல் வாருகிறவன் மண்ணாங்கட்டி. அவனுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தக்காமல் போனதால் அந்தப் பேர் வைத்தார்கள். அவனுக்கே நாலு பிள்ளைகள் இருந்தன. வருஷக்கணக்காக ராயப்பனின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் செய்கிறதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ராயப்பன் விழுப்புரத்துக்குப் போனார். அங்கே ஒரு அரிசி மில்லில் பயர்மேன் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சண்டையால் பெட்ரோல் கிடைக்காத நாள், கரிப்புகையில் ஓடுகிற பஸ் வழியெல்லாம் நின்று நின்று போயிற்று. போனவர் மழையில் நனைந்துகொண்டு மறுநாள் திரும்பி வந்தார். படுத்துக்கொண்டே சொன்னார்:

“எல்லாம் கேட்டாங்க சவுரி. கேட்டுட்டு, உன் ஆலையிலயே உன்ன வெக்கலன்னா உங்கிட்ட எதோ கொற கீதுன்னுதானே அர்த்தம், நாங்க எப்படி வெக்கறதுன்னாங்க.”

மழையில் நனைந்ததில் உடம்பு அனலாகக் கொதித்தது. ஜுரம் விடவில்லை. கடைசி நேரத்தில் ஜெபம் சொல்லுங்க, சொல்லுங்க என்று நான் காதில் கத்தினேன். “தண்ணி பாத்தியா மண்ணாங்கட்டி?” என்றார். அதுதான் அவர் பேசின கடைசிப் பேச்சு.

அவரைப் புதைத்த மூன்றாம் நாள்தான் நான் முதலில் சொன்னது நடந்தது. அன்றைக்கு மட்டும் இல்லை, மறுநாளும், அதற்கு மறுநாளும். நீளமாகக் கிளம்பி, தொய்ந்து, ஏறி, அடங்கியது. ஆலையில் முத்துசாமியைப் பிடித்து உலுக்கினார்கள். நீதானே இழுத்தே, எப்படிடா அவன் சங்கு வந்தது என்று கேட்டதற்கு, “கயித்துல கை வெச்சேன் மாமா. என் கை மேல யாரோ கை வெச்சி இழுத்தாங்க. நெருப்பாட்டம் சுட்டுது” என்றானாம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆலையில் எவளும் பாய்லர் கொட்டகைப் பக்கம் தோல் கூடை கொண்டுபோக மாட்டேன் என்றுவிட்டாள். மூட்டைகள் வாசலில் குவிந்தன. உடைத்த பருப்பு ரயிலுக்குப் போகவில்லை. முதலாளிக்கு ஒரே பேஜாராகப் போய்விட்டது.

துக்கம் ஒரு வாரத்தோடு முடிந்தது, வயிறு அதற்குமேல் காத்திருக்காதே! நான் வேலைக்குப் போனேன். பாய்லருக்குத் தோல் கொண்டுபோகிற வேலையை என் தலையிலேயே கட்டினார்கள். பொண்டாட்டியை ஒன்றும் செய்ய மாட்டான் என்று ஒரு தைரியம். நானும் முதல் சங்கு கேட்டதும் எழுந்து, கூழ் கரைத்து, அவர் தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கை ஊற்றிவிடும். கொட்டகைக்குப் பின்னால் அவர் வழக்கமாக உட்காருகிற கல்லின் மேல் வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தூக்கு காலி. கழுவி, மூடி போட்டு, கல்லின் மேல் இருந்தது.

எனக்கு அப்போது இருந்த பயத்தையும் சந்தோஷத்தையும் எப்படிச் சொல்வது! பயம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பயத்துக்காகவே நான் படுத்து எழுந்தேன். என் மகள் லூர்துமேரி சின்னப் பெண், அவளுக்கு ஒன்றும் பயமில்லை. சங்கு கேட்டால் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து, “அப்பா ஊதுது” என்பாள். ஆமாம் கண்ணு என்பேன். பாதருக்குத் தெரிந்தால் என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்திருப்பார்.

ஆனால் எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. செத்து மோட்சத்துக்குப் போனவருக்கு உடம்பு நோவு ஏது? கை நோவு தீர்ந்திருக்குமே? பின்னே சங்கு ஏன் இன்னும் நடுவில் தொய்கிறது? அங்கே போயும் என் புருஷனுக்குக் கை வலிக்கிறது என்றால் அப்படிப்பட்ட மோட்சம் எதற்கு என்று ஒருநாள் பெரிய கோபமே வந்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான், மத்தியானச் சங்குக்கு முன்னால் கூடையை இறக்கிப் போட்டுவிட்டு கொட்டகைக்குள் போனேன்.

முத்துசாமி சாக்கு அடுக்குக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். ராத்திரியெல்லாம் சீட்டு ஆடுகிறவனுக்குப் பகலில் வேறென்ன வேலை? கயிற்றின் அடியில் மண்ணாங்கட்டி நின்றான். தோளில் இருந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டான். முள்ளைப் பார்த்தான், தண்ணீர் மட்டத்தைப் பார்த்தான், கயிற்றைப் பிடித்து இழுத்தான். பாதி இழுப்பில் இடது தோளைத் தொங்கவிட்டான், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான். அவனுக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. சங்கு இழுப்பது என்றாலே அப்படித்தான் என்று என் புருஷன் நோவையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தான் அந்தப் பாவி.

திரும்பினவன் என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அண்ணி, சொல்லிடாத அண்ணி! கயித்தத் தொட்டேன்னு தெரிஞ்சா சாம்பல் வார்ற வேலயும் பூடும். இவன் எழுந்திருக்கவே மாட்டேங்கறான். சங்கு நேரம் தப்பினா ஜனம் எப்படி வரும்? அண்ணன் எடத்துல யாராவது பாக்கணுமில்ல?”

“அப்ப கை மேல கை வெச்சி யாரோ இழுத்தாங்கன்னு இவன் சொன்னது?”

“தூங்கிட்டேன்னு சொன்னா மாமங்காரன் தோல உரிச்சிடுவானே. அதான் அப்படி ஒண்ணு சொல்லி வெச்சான். இப்ப அவனே நம்பிக்கினு பயப்படறான்.”

“கூழு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எனக்குத்தான் வெக்கறேன்னு நெனச்சேன் அண்ணி” என்றான்.

சாம்பல் குழி ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். சிரிப்பும் வந்தது. ஒரு சோம்பேறி தூங்கினதற்குச் சொன்ன பொய்யில் என் புருஷன் பேயாகித் திரிந்துகொண்டிருந்தார். இது தெரிந்தும், மறுநாள் விடியற்காலை சங்கு கேட்டபோது எனக்குள் எதுவும் மாறவில்லை. நீளமாகக் கிளம்பித் தொய்ந்தபோது கை அதே மாதிரி தூக்கில் கூழை ஊற்றியது. மண்ணாங்கட்டிதான் இழுக்கிறான், எனக்குத் தெரியும். கேட்கும்போது மட்டும் அவர்தான். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த அமாவாசைக்கு கோதண்டபாணி மருமகனை மேல்மலையனூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோயில் கூட்டத்தில் குறி சொல்கிற பெண்ணொருத்தி முத்துசாமியைப் பார்த்துவிட்டு, செத்தவன் தன் வேலையைக் கேட்கிறான் என்றாளாம். அவன் பெண்டாட்டியை அந்த நெருப்புக்கு முன்னால் நிறுத்திக் கற்பூரம் கொளுத்திக் கேளுங்கள், அவள் வாயில் யார் பேர் வருகிறதோ அவனுக்கு வேலையைக் கொடுங்கள், அதன்பிறகு சங்கு மாறினால் அவன் அடங்கிவிட்டான் என்று அர்த்தம், மாறாவிட்டால் அந்த ஆளும் ஆகாது, ஆலையும் ஆகாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். முதலாளிக்கு மல்லாட்டை உடைந்தால் போதும். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்று நாள் குறித்துவிட்டார்.

கேள்விப்பட்டதும் என் கொழுந்தன் அப்பாதுரை வேட்டியை வெளுக்கப் போட்டுவிட்டான். ராயப்பனுக்குக் கூடப்பிறந்த தம்பி. எங்கள் வீட்டிலேயே தின்றுகொண்டு, கள்ளுக்கடையிலும் சீட்டு மடத்திலும் காலம் தள்ளுகிறவன். பாய்லர் எந்தப் பக்கம் சுடும் என்றுகூடத் தெரியாது.

“அண்ணன் எடம் தம்பிக்குத்தானே அண்ணி? ரத்தம். உனக்கு இன்னா, வர்ற சம்பளம் இந்த வூட்டுக்குத்தான் வரும். மேரிக்கு நாளைக்கு ஒரு கண்ணாலம் காட்சி வேணாமா?” என்றான்.

அவன் சொன்னது எல்லாம் எனக்கும் தோன்றியதுதான். சம்பாதிக்கிற ஆம்பிளை இல்லாத வீடு. கூடை சுமக்கிற கூலியில் கேப்பைகூட நாள் முழுக்க வராது. தகப்பன் இல்லாத என் பிள்ளையை நான் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். சொல்லி முடித்ததும் திக்கென்றது. இது என் பேச்சு இல்லையே, பாய்லர் முன்னால் கோதண்டபாணி பேசின பேச்சாயிற்றே!

அந்த ஆளே வியாழக்கிழமை சாயங்காலம் என் வாசலுக்கு வந்தார். எங்கள் சேரிக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. ஆள் பாதியாய் இளைத்துப் போயிருந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“சவுரி, எனக்குத் தூக்கமே இல்ல. சங்கு கேட்டா காத பொத்திக்கினு உக்காந்துடறேன். நாளைக்கு உன் கொழுந்தன் பேர சொல்லிடு. நான் குறுக்க வரமாட்டேன். என் ஆளுக்கு நான் சொன்னேன். உன் ஆளுக்கு நீ சொல்லு. அவ்ளோதானே? ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் பூடும். உன் புருஷனும் என்ன உட்டுடுவான்.”

“சரியாப் பூடுமா மேஸ்திரி?”

“பூடும். லோகத்துல அவனவன் தன் ஆளத்தான் பாப்பான். நீ மட்டும் இன்னா, வேற மாதிரியா செய்யப்போற?”

சொல்லிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் அப்பாதுரை பேரைச் சொன்னால் இந்த ஆள் செய்தது நியாயமாகிவிடும். விழுப்புரத்திலிருந்து நனைந்துகொண்டு வந்து படுத்த என் புருஷன்தான் ஒன்றும் தெரியாத பைத்தியக்காரன் ஆகிவிடுவார். அவர் சாவை இந்த மனுஷனுக்கு நான் என் வாயால் மன்னித்து எழுதிக் கொடுக்க வேண்டுமா? போய்யா என்று கதவைச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை ஆலை முழுக்க பாய்லர் கொட்டகை வாசலில் கூடியிருந்தது. முதலாளி நாற்காலி போட்டுத் தள்ளியே உட்கார்ந்தார். வெளுத்த வேட்டியோடு அப்பாதுரை முன்வரிசையில் நின்றான். முத்துசாமி முகத்தில் ஈயாடவில்லை. மண்ணாங்கட்டி சாம்பல் கூடையோடு ஓரத்தில் நின்றான். கற்பூரம் கொளுத்தினார்கள். கிறிஸ்து வேதக்காரிக்கு எதற்குக் கற்பூரம் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் நெருப்புக் கதவைத் திறந்ததும் அந்த அனல் முகத்தில் அடித்தது. அவர் தினம் வீட்டுக்குக் கொண்டுவருகிற வாசனை. தலைமுடி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

“ராயப்பா, யாருக்குடா உன் எடம்? சொல்லு!” என்று கோதண்டபாணி கைகூப்பிக்கொண்டு கேட்டார்.

எனக்கு ஆவியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. நானாகத்தான் சொன்னேன். ஆனால் குரல் என் குரலாக இல்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

“தண்ணி பாத்தவன் எவனோ அவனுக்குக் குடு! நெருப்பு போட்டவன் எவனோ அவனுக்குக் குடு! மண்ணாங்கட்டிக்குக் குடு!”

“யாரு, சாம்பல் வார்றவனா?” என்று முதலாளி எழுந்துவிட்டார். அப்பாதுரை, “அண்ணீ! இன்னா உளர்றே? பைத்தியமா உனக்கு?” என்று கத்தினான். தொண்டை கிழியும்படி அதே பேரை மறுபடி சொன்னேன். அப்பாதுரை தூ என்று என் காலடியில் துப்பிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான். கோதண்டபாணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் அவரை அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார்.

முதலாளி கொஞ்ச நேரம் மூட்டைக் குவியலைப் பார்த்தார். “சரி, அவனே இருக்கட்டும். சங்கு நேரம் ஆச்சு, ஜல்தியா இழுக்கச் சொல்லு. மாறுதா இல்லியான்னு பாப்போம்” என்றார்.

மாறுகிறதா பார்ப்போம் என்றதும்தான் எனக்கு உறைத்தது. ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லையே! மண்ணாங்கட்டி சாம்பல் கூடையை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான், துண்டைக் கையில் சுற்றினான், கயிற்றைப் பிடித்தான். இடது தோள் தொங்குவதற்குத் தயாராக இருந்தது. அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு இழுப்புத்தான். அது அப்படியே கேட்டால் ராயப்பன் அடங்கவில்லை என்று இத்தனை பேரும் அலறிக்கொண்டு ஓடுவார்கள். குறிக்காரி சொன்ன பேச்சே பேச்சாகி, மண்ணாங்கட்டியை ஆகாத ஆள் என்று வெளியே தள்ளுவார்கள். அவன் நாலு பிள்ளைகளும் தெருவில் நிற்கும்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் இருந்தால் இந்த ஒரு மத்தியானமாவது அவர் சங்கைக் கேட்கலாம். அப்படி நினைத்துக்கொண்டு நின்றேன் என்பதையும் மறைக்கவில்லை. மண்ணாங்கட்டி திரும்பி என்னைப் பார்த்தான்.

“அவரு மாதிரி இழுக்காத மண்ணாங்கட்டி,” என்று கிட்டே போய்க் காதோடு சொன்னேன். “அவரு கை நோவு அவரோட பூடுச்சி. உனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே கீது? உன் கையால இழு.”

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான், என்னமோ புதிதாய் முளைத்த கை மாதிரி. பிறகு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். சங்கு நீளமாகக் கிளம்பியது. நடுவில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தொய்யவில்லை. கோடு போட்டது போல நேராகப் போய் நின்றது.

“அடங்கிட்டான்! அடங்கிட்டான்!” என்று கூட்டம் கும்பிட்டது. பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள். பூமாலை என் முடியை அள்ளி முடிந்துவிட்டு, நீ மவராசி, புருஷனைக் கரை ஏத்திட்டே என்று கன்னத்தை வழித்தாள். நான் தோல் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். மூட்டைகள் குவிந்து கிடந்தனவே, அன்றைக்கு வேலை நிறைய இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் முதல் சங்குக்கு முன்பே எழுந்துவிட்டேன். கை தானாகக் கூழைக் கரைத்துத் தூக்கில் ஊற்றியது. சங்கு கிளம்பியது. நல்ல சங்கு, திடமான சங்கு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. லூர்துமேரி பாயில் எழுந்து உட்கார்ந்தாள். முழுசாகக் கேட்டுவிட்டு, கதவுப் பக்கம் பார்த்தாள்.

“அப்பா ஏம்மா இன்னிக்கு ஊதல?”

“அப்பாவுக்கு வேல பூடுச்சி கண்ணு,” என்றேன்.

தூக்கில் இருந்த கூழைச் சட்டியில் திரும்ப ஊற்றினேன். தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டாம் சங்குக்குள் வாசலில் நிற்க வேண்டுமே என்று கூடையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.